காக்கைக்கு வைத்த சோறு

கோழிக்குத் தீவனத்தை எங்கே வைப்பது என்று என் தாய்மாமாவின் கொள்ளுப்பேரன் செபராங் ஜெயாவிலிருந்து போன வாரம் போனில் கேட்டான். புது வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறதாம். அவன் கேட்டது ஒரு வரி, நான் சொன்ன பதில் அரை மணி நேரம். உரிமம் வழங்கும் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் அப்படித்தான் ஆகும். தொட்டி கூரைக்கு அடியில், கோழியின் முதுகு உயரத்தில் தொங்க வேண்டும். தண்ணீர் தள்ளி இருக்க வேண்டும். முட்டையிடும் கோழிக்குத் தனித் தீவனம், கூடவே கொஞ்சம் கிளிஞ்சல் தூள். பூசணம் பிடித்த ரொட்டியும் உப்புச் சேர்ந்த மிச்சமும் ஆகாது. சிந்தியதை இருட்டுவதற்குள் கூட்டி அள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் வளர்வது எலிதான். இதற்கெல்லாம் முன்னால் மாநகர் மன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று நான் தொடங்கியபோது, "சரி தாத்தா, அப்புறம் கூப்புடுறேன்லா" என்று வைத்துவிட்டான். இன்னும் கூப்பிடவில்லை.

இந்த விதிகளில் பாதி என் அப்பாவுடையவை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் வரிசை வீட்டின் பின்புறத்தில் பலகையால் கூண்டு செய்து, உள்ளே தொட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டவர் அவர். அம்மா அந்தத் தொட்டியை மதித்ததே இல்லை. மத்தியானம் சோறு வடித்ததும் முதல் கரண்டியை அடுப்படிக் கதவுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் வீசுவாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு. எலி வரும் என்று அப்பா திட்டுவார். மறுநாளும் அவள் வீசுவாள். அந்த வீட்டில் தீராமல் நடந்த சண்டை அது ஒன்றுதான்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். கருமாதி அன்று சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, வாழை இலையில் பரிமாறி, அதே சிமெண்டுத் தரையில் கொண்டுபோய் வைத்தார். காகம் வந்து எடுத்தால் அம்மா வந்து சாப்பிட்டதாக அர்த்தம். அது எடுக்கும் வரை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது.

அத்தை கா கா என்று கூப்பிட்டார். காகங்கள் மின்கம்பியில் உட்கார்ந்திருந்தன. ஓடி வந்தவை கோழிகள். கூண்டைப் பூட்டி வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தை விளக்குமாற்றைத் தேடி எடுத்து வருவதற்குள் வடை போயிருந்தது.

கூண்டைப் பூட்டிவிட்டு, இரண்டாவது இலையை மதில்மேல் வைத்தார்கள். காகங்கள் அதைப் பார்த்தன. பார்த்ததோடு சரி.

"பினாங்கு காக்காலா இது. நாசி கண்டார் கறிச்சோறு கேக்குது போல" என்றார் தாய்மாமா. பசியில் யாரும் சிரிக்கவில்லை.

வெயில் மதிலைத் தாண்டி வந்த பிறகும் ஒன்றும் இறங்கவில்லை. "அவளுக்கு என்னமோ கொற இருக்கு. அதான் வர மாட்டேங்குறா" என்று சொல்லிக்கொண்டே அத்தை என் தலையைத் தடவினார். தடவியதால், குறை நான்தான் என்று முடிவு செய்தேன். மதில் ஓரமாகப் போய் நின்று, கம்பியில் இருந்த ஒரு காகத்தைத் தேர்ந்தெடுத்து, அது என்னை மன்னித்துவிட்டு இறங்க வேண்டும் என்று இமைக்காமல் பார்த்தேன்.

அப்பா பின்னால் வந்து நின்றார். "போதும்க்கா. எல்லாருக்கும் எல போடுங்க."

"காக்கா இன்னும் எடுக்கலடா."

"கோழி எடுத்துச்சில்ல."

"கோழி தின்னா அது கணக்காடா?"

"அவ தெனம் யாருக்குக்கா சோறு போட்டா? காக்காவுக்கா?"

அத்தைக்கு எல்லாச் சடங்குக்கும் முறை தெரியும். இதற்குத் தெரியவில்லை. உள்ளே போய் இலை போட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் மட்டும் சோற்றைப் பிசைந்தபடி, ஜன்னல் வழியாகக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காகம் பறந்து போய்விட்டது.

சாயங்காலம் மாமாவின் காரில் கடைசி உறவினர்களும் கிளம்பினார்கள். வீட்டில் அப்பாவும் நானும். அப்பா கூண்டைத் திறந்துவிட்டு, மிஞ்சிய சோற்றுப் பானையோடு சிமெண்டுத் தரையில் அடுப்படிக் கதவைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பிடியாக வீசினார்.

"அப்பா, தொட்டியில போடணும்" என்று நினைவூட்டினேன்.

"தெரியும்யா" என்றார். வீசிக்கொண்டே இருந்தார்.

பானை காலியானது. இருட்டத் தொடங்கியது. அவர் எழவில்லை. அசதியாக இருக்கும் என்று நினைத்து நானே விளக்குமாற்றை எடுத்து வந்தேன். "கால எடுங்கப்பா" என்றதும் சொன்னபடி காலை நகர்த்திக்கொண்டார். நான் கூட்டி அள்ளினேன்.

அப்போது எனக்குப் புரியாமல் இருந்தது கோழிகளின் சங்கதிதான். வயிறு நிறைந்துவிட்டது, கூண்டில் அடையும் நேரமும் ஆகிவிட்டது. பிறகும் ஏன் அடுப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன? அப்பாவும் அவற்றோடு அதே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.