ஏரிக்கரையில் ஒரு கறை

நான் பொய் சொன்னேன். என் படத்திலிருந்த ஒரு பெண்ணைக் கறை என்றேன். விசாரணை அதிகாரியின் முன்னிலையில், நா நடுங்காமல், பிழையற்ற செந்தமிழில்!

இதுவரை எவரிடமும் கூறாததை உம்மிடம் கூறுகிறேன். இரங்க வேண்டா, கேட்டால் போதும்.

எழுபதுகளின் இறுதி. அரியலூரில் நான் தமிழாசிரியன். ஓய்வுப் பொழுதெல்லாம் நிழற்படம். படக்கருவியின் வில்லைக்கு முன் கரிய ஃபில்டர் ஒன்றைப் பொருத்துவேன். அது ஒளியை மிகக் குறைத்துவிடும். ஆதலால் பட்டப்பகலிலும் மூன்று நிமிடம் வில்லையைத் திறந்துவைக்கலாம். அலைநீர் பாலாய் உறையும். மேகம் இழையிழையாய் நீளும். அசைவன யாவும் அழிந்துவிடும்... நடந்து செல்லும் மனிதரும்!

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஏரியை ஒரு காலையில் அவ்வாறு எடுத்தேன். குடங்களோடு பெண்கள் கரைவழியே சென்றவண்ணம் இருந்தனர். படத்திலோ ஆளரவமே இல்லை. அவ்வெறுமையைக் கண்டு பூரித்தேன்! சுரங்க முதலாளி அதைப் பெரிதாக அச்சிட்டுத் தம் கூடத்தில் மாட்டினார். வந்தோர்க்கெல்லாம் என் பெயரைச் சொன்னார்.

சில திங்களில் அந்தக் கரைவழியை அடைத்துக்கொள்ள அரசிடம் விண்ணப்பித்தார். அதில் எவரும் நடப்பதில்லை என்பதற்குச் சான்று... என் படம்.

வழி அடைபட்டால் குடிநீருக்கு இரண்டு கல் தொலைவு சுற்ற வேண்டும். கூலிக்காரப் பெண்கள் விசாரணைக்குத் திரண்டு வந்தனர். செல்லம்மாள் என்பவள் முன்னே நின்றாள்.

"தெனம் அதுலதாங்க போறோம். வாத்தியாரய்யா படம் புடிச்ச அன்னிக்குக்கூட கொடத்த எறக்கி வச்சுட்டு நின்னு கும்புட்டேனுங்க. அவங்க கடியாரத்தயே பாத்துட்டு இருந்தாங்க. ஏறிட்டுப் பாப்பாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்!"

முதலாளியின் கணக்கர் சிரித்தார். "ஏம்மா, படத்துல வுழாம போறதுக்கு நீ என்ன பேயா?"

"பேயா இருந்தா தண்ணிக்கு ஏன் சாமி அலையப்போறேன்?"

அதிகாரி படத்தின் ஓரத்தில் விரல் வைத்தார். புகைபோல் ஒரு மங்கல். "அருமையான படம் சார். இங்க மட்டும் இது என்ன?"

நான் அறிவேன். மற்றவர்கள் நடந்தார்கள், மறைந்தார்கள். இவள் எனக்காக நின்றாள்... நின்ற அந்நேரம்தான் அம்மங்கல்.

"படம் கழுவுகையில் நேர்ந்த கறை," என்றேன்.

செல்லம்மாள் என்னையே பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

ஃபில்டரைப் பற்றி ஒரு சொல் உரைத்திருக்கலாகாதா? முதலாளிக்கு அஞ்சினேனா? அதுவும் இல்லை! 'அருமையான படம்' என்ற அச்சொல்லை இழக்க மனம் ஒப்பவில்லை. அவ்வளவுதான்... அவ்வளவு அற்பம்!

வழியை முள்வேலி அடைத்தது. சுற்றுப்பாதை என் தெருவழியே சென்றது. செல்லம்மாள் இடுப்பில் குடத்தோடு நாள்தோறும் என் வாயிலைக் கடப்பாள். எத்தனையோ காலை, ஏதேனும் சொல்லிவிட வேண்டும் என்று நான் வெளியே வந்து நின்றிருக்கிறேன்.

அவள் ஒருநாளும் நிற்கவில்லை.