கழலாத பச்சை வளையல்

மாரியாயி போய்விட்டாள் என்பதை ரப்பர் மரங்கள் நிற்கும் வெளிக்காட்டிலிருந்து பால்வாளியோடு திரும்பிய பெண்கள் வந்து சொன்னார்கள். மூன்று நாள் காய்ச்சல்தான். கெலாங் பாத்தா ஊர்ப்பக்கம் எங்கள் தோட்டத்தில் அவளைத் திட்டாதவர்கள் குறைவு. நானும் திட்டியவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கங்காணியின் தங்கை. தோட்டப் பள்ளியில் அரிச்சுவடி சொல்லித் தருகிறேன். பத்தொன்பது வயதில் தாலியறுத்து, வெள்ளைப் புடவையோடு அண்ணன் வீட்டில் ஒதுங்கியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிப் பெண்களுக்குச் சிங்கப்பூர்ப் பத்திரிகையை வாசித்துக் காட்டுவேன். விதவைகளைப் பூவும் பொட்டும் வைக்கவிடு என்று எழுதியிருந்தால், கைநாட்டுக்காரி மாரியாயி இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வாள். வாசித்தேனே தவிர, அது எனக்கும் எழுதியது என்று நினைத்ததில்லை.

அவள் புருஷன் கருமாதியன்று, ஆற்றங்கரையில் அவளுக்குப் பூச்சூட்டி, கை நிறைய வளையல் அடுக்கி உட்கார வைத்தார்கள். அதை உடைக்க இன்னொரு விதவைதான் வேண்டும். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கல்லோடு போனேன். அவள் தானே கையை நீட்டினாள்.

“நீ படிச்சதத்தானேக்கா நான் கேட்டேன். அது பொய்யின்னா ஒடைச்சிரு.”

கல்லைக் கீழே போட்டுவிட்டேன். அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பத்திரிகையும் நின்றது.

அவள் பொட்டும் வளையலுமாகப் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். எதிரே வந்தால் காரியம் கெடும் என்று ஊரே தூற்றியது. நானும் சேர்ந்து தூற்றினேன், பொறாமைதான், வேறென்ன. அடுத்தடுத்துத் தாலியறுத்த மூன்று பெண்கள் வளையலை உடைக்க விடவில்லை. இப்போதெல்லாம் கருமாதியில் யாரும் கல்லைத் தேடுவதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை.

ஒருநாள் இரண்டு பச்சை வளையல்களைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அண்ணன் சோற்றைத் தின்கிறேனே என்றேன்.

“சோறு போட்டா கையையுமா எழுதி வாங்கிக்குவாங்க?” என்றாள்.

வளையல்களைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

அவளை வளையலோடுதான் அடக்கம் செய்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இரண்டையும் போட்டுப் பார்த்தேன், அழுதேன். பிறகு கழற்றினேன். ஒன்று வந்தது. மற்றது பெருவிரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்புப் போட்டும் அசையவில்லை. உடைத்தால்தான் வரும். அண்ணன் சாப்பிட வரும் நேரம். அம்மிக்குழவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மாரியாயி எனக்கு விட்டுப்போனது இந்த ஒற்றை வளையல்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும் கையில் அது இருக்கிறது.