மூன்று சதவீத மக்கள்

என் அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது வகைப் போனைக் கட்டிக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஊரே இரண்டு வகைப் போன்களில் ஒன்றை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நிஜப் பொத்தான்கள் வைத்த இன்னொரு வகையும் கொஞ்சம் விற்றது. பஸ் எங்கே வருகிறது, எப்போது வரும் என்று காட்டும் ஆப் செய்கிற கம்பெனியில் அண்ணனுக்கு வேலை. பெரிய இரண்டு வகைகளுக்கும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் உட்கார்ந்து எழுதினார்கள். மூன்றாவதற்கு அண்ணன் ஒருவன்தான்.

என் கணவருக்கும் அதே கம்பெனிதான், ஆனால் வெப்சைட் பக்கம். போனுக்குப் போன் தனி ஆப் எதற்கு, ஒரே வெப்சைட்டை எல்லாப் போனிலும் திறக்கிற மாதிரி செய்தால் தீர்ந்தது என்பது அவர் கட்சி. நெட் கிடைக்காத இடத்தில் வெப்சைட் பல்லை இளித்துவிடும், போனுக்கென்றே எழுதிய ஆப்தான் காப்பாற்றும் என்பது அண்ணன் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். தட்டு வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். எந்தப் போன் நூற்றில் எத்தனை பேரிடம் இருக்கிறது, எது ஏறுகிறது, எது சாகக் கிடக்கிறது என்று பேச்சு ஓடும். இரண்டு பேருமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம். நடுவில் நான், இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம். எனக்கு என்ன எழவு தெரியும்? பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்காருகிறவள் நான். அங்கே எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு பேசாமல் இருப்பார்கள். அந்தப் புண்ணியம் வீட்டில் இல்லை.

அண்ணன் அப்படி மல்லுக்கு நின்றதற்குக் காரணம் உண்டு. ஆப்பைத் திறக்கிறவர்களில் மூன்றாவது வகைக்காரர்கள் இரண்டு சதவீதத்துக்குக் கீழே போனால் அதை மூடிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லி வைத்திருந்தார். மூடினால் அண்ணன் எழுதியதெல்லாம் குப்பை. நேற்று வந்த பிள்ளைகளோடு வெப் டீமில் உட்கார்ந்து, அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

வெளியே அந்தப் போனின் கதை முடிந்துகொண்டே வந்தது. கடைகள் விற்பதை நிறுத்தின. கடைசியில் அதைச் செய்த கம்பெனியே கையைக் கழுவியது. ஆனால் இவர்கள் ஆப்பில் மட்டும் மூன்று சதவீதம் அசையவில்லை. அதைச் சொல்லும்போது அண்ணன் குரலில் ஒரு பெருமை வரும். ஏதோ அவன் பெற்று வளர்த்த பிள்ளைகள் என்கிற மாதிரி.

"மூணு சதவீதம்னாலும் மனுஷங்கதானே மாப்பிள்ளை. அவங்களும் பஸ்ஸுக்குத்தானே நிக்கறாங்க?"

இதைக் கேட்டதும் என் கணவர் எழுந்துவிடுவார். முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போவார்.

ஒரு சனிக்கிழமை அவர் பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தார். மச்சானை மடக்குவதற்காக, மூன்றாவது வகைக்காரர்கள் எந்தெந்த ஸ்டாப்பில் நின்று ஆப்பைத் திறக்கிறார்கள் என்று தேடியிருக்கிறார். எல்லாரும் ஒரே ஸ்டாப்பில் நின்றார்கள். கம்பெனி வாசலில் இருக்கிற ஸ்டாப். அதில் ஒருவர்கூட எந்தக் காலத்திலும் பஸ் ஏறிப் போகவில்லை.

அத்தனை பேரும் அண்ணன்தான். அவன் மேஜைப் பக்கத்து அலமாரியில் பரிசோதிப்பதற்கென்று அந்த வகைப் போன்கள் வரிசையாக இருக்கும். தினமும் ஒவ்வொன்றிலும் இருப்பதையெல்லாம் அழித்துப் புதுசாக்கி, ஆப்பை மறுபடி ஏற்றி, ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பான். அப்படிப் புதுசாக்கிய போன் ஒவ்வொன்றையும், ஆட்களைக் கணக்கெடுக்கிற மெஷின் புது ஆள் என்று எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டு வகையிலும் ஆபீஸ் போன்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுத்தான் எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்றாவது பின்னால் சேர்ந்தது. அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காக, காலையில் பிறந்து, பஸ் எப்போது வரும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுநாள் செத்துப்போகிற ஜனங்களுக்காகத்தான் இவ்வளவு சண்டையும்.

நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதீர்கள், முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அண்ணன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டான். பிசைகிற கை நிற்கவில்லை. மீட்டிங்கில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான். மறுபடி கொஞ்சம் போடவா என்று கேட்டேன். போடு என்றான்.

மறுநாள் மீட்டிங்கில் அவன் எழுந்து நின்று சொன்னதை என் கணவர்தான் வந்து சொன்னார்.

"அந்த மூணு சதவீதமும் நான்தான் சார்."

யாரும் சிரிக்கவில்லையாம். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மேனேஜர் அவனை அன்றைக்கே வெப் டீமுக்கு மாற்றினார். அண்ணன் சரி என்றான். அலமாரியில் இருந்த போன்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். வந்தான், சாப்பிட்டான், போனான். நல்லா இருக்கியா என்றால் நல்லா இருக்கேன் என்றான். எனக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் வேலை முடிந்ததும் நேராக அவன் அறைக்கே போய்விட்டேன். துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். அழு, இல்லை மாப்பிள்ளையைப் பிடித்து நாலு கேள்வி கேள், அதுவும் முடியாவிட்டால் அந்த மேனேஜரையாவது திட்டித் தொலை, இப்படிக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்காராதே என்று கத்தினேன்.

அவன் சட்டையின் கையை இழுத்துவிட்டு மடித்தான்.

"போன வருஷம் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆபீஸுக்குள்ள ஆப் திறக்கும், வெளியில திறக்காது. ஒரு வாரம் கழிச்சு நானாத்தான் கண்டுபிடிச்சேன். ஒருத்தர்கூடக் குறை சொல்லல."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அப்படியென்றால் வெளியே அந்த ஆப்பைத் திறக்க யாருமே இல்லை என்பது அவனுக்கு அன்றைக்கே தெரியும்.

"தெரிஞ்சும் எதுக்குண்ணா அவர்கூட அப்படி வாதாடின?"

"வாதாடறப்போ மட்டும் அவங்க இருந்தாங்க."

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தான். மிச்சச் சட்டைகளை நானும் உட்கார்ந்து மடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தட்டின் முன் உட்கார்ந்ததும், என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யோசிச்சுப் பாத்தேன் மச்சான். நீங்க சொன்னதுதான் சரி. வெப்சைட்டை நம்பிப் பிரயோஜனம் இல்ல, ஆப்தான் நிக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் தோற்றதாக ஒப்புக்கொள்ளாத மனுஷன். நெட் கிடைக்காத இடத்தைப் பற்றி, போனுக்குப் போன் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றி, அண்ணன் இத்தனை வருஷம் பேசிய பேச்சையெல்லாம் தன் பேச்சாகப் பேசினார். நடுநடுவே அண்ணன் முகத்தைப் பார்த்தார். எங்கேயாவது ஒரு இடத்தில் அவன் மறுத்துப் பேச மாட்டானா என்று நானும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் பொறுமையாக முழுதும் கேட்டான். தண்ணீர் குடித்தான்.

"இல்ல மாப்பிள்ளை. எல்லாருக்கும் வெப்சைட்டே போதும்."

அண்ணன் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.