முதலாளிக்கு மட்டை வீசப் பழக்கிய ஜெயபாண்டி

ஜெயபாண்டி தன் வாழ்நாளில் ஒரே ஒரு மனிதனைத்தான் கோல்ஃப் மட்டையால் அடித்திருக்கிறான். அது 1996 மார்ச் 16, சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்குச் சற்று முன். மலையூர் ஒன்றின் புல்வெளி மைதானத்தில் ஆடுகிறவர்களுக்குப் பை தூக்குவது அவன் வேலை. பந்து ஒன்று தொலைந்ததற்காக ஓர் உறுப்பினர் அவனைக் காதோடு சேர்த்து அறைந்தார். இரண்டு அறை வரை நின்றான். மூன்றாவதில், அவன் கையிலிருந்த ஏழாம் எண் இரும்பு மட்டை சுழன்றது. அவருடைய இடது காறை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

பதினோரு மாதம் சிறை. மகள் அபிராமி பிறந்தது அதற்குள்தான். அவன் அவளை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு ஏழு மாதம், கீழ்ப்பல் இரண்டு. அன்று அவன் மனைவி நதியா குழந்தையை உடனே அவன் கையில் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவ கை நீட்டுனன்னு வச்சுக்க, நானும் இவளும் இருக்க மாட்டோம். எங்க போனோம்னு தேடாத," என்றாள். அதன் பிறகுதான் கொடுத்தாள்.

1998இல் மூவரும் திருப்பூருக்கு வந்தார்கள். ஆறுச்சாமியின் பனியன் கம்பெனியில் நதியா செக்கிங் மேசையிலும் ஜெயபாண்டி பேக்கிங்கிலும் சேர்ந்தார்கள். கை நீட்டாமல் இருப்பதற்கு அதைவிடக் கடினமான இடம் அவனுக்குக் கிடைத்திருக்காது.

ஆறுச்சாமிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கொமரலிங்கம் பக்கம் பாறைக் கிணறு வெட்டும் கூட்டத்தில் பன்னிரண்டு வருடம் சம்மட்டி அடித்தவர். பதினான்கு கிணறு. பிறகு சோமனூரில் தறி ஓட்டி, திருப்பூருக்கு வந்து, நான்கு மெஷினில் தொடங்கி முப்பத்தாறு தையல் மெஷினுக்கு முதலாளி ஆனார். கை மட்டும் கிணற்றை விட்டு ஏறவில்லை. தையல் கோணினால் டெய்லருக்கு அறை. அளவு பிசகினால் கட்டிங் மாஸ்டருக்கு உதை. ஒருமுறை பழனிமுத்து என்ற அயர்ன்காரர் தேநீர் குடித்துவிட்டு நான்கு நிமிடம் தாமதமாக வந்ததற்கு, அவர் தலையைச் சூடான மேசை மேல் அழுத்திப் பிடித்தார். காதோரத்தில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

2004 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, அவர் காரிலிருந்து ஒரு நீளமான தோல்பை இறங்கியது. பதினோரு மட்டைகள். முந்தைய நாள் கோவைப் பக்கம் ஒரு தனியார் மைதானத்தில், பனியன் வாங்க வரும் ஜெர்மனிக்காரர் ஒருவர் எக்ஸ்போர்ட்காரர்களை ஆட அழைத்திருந்தார். ஆறுச்சாமி மூன்று முறை வீசி மூன்று முறையும் பந்தைத் தொடவில்லை. மாரப்பன் என்கிற இன்னொரு கம்பெனி முதலாளி, அவருக்குப் பங்காளி முறை, தரையில் உட்கார்ந்து சிரித்தாராம். அடுத்த ஆட்டம் அக்டோபர் 17. அதற்குள் மாரப்பனின் பந்தைத் தாண்டி அடித்தாக வேண்டும்.

அன்று மாலையே கம்பெனி வாசலில் வீசிப் பார்த்தார். முதல் வீச்சில் டியூப்லைட் போயிற்று. இரண்டாவதில் மட்டை தரையைக் கொத்தி, சிமெண்டுச் சில்லு ஒன்று பறந்து காவல்காரர் நெற்றியைக் கீறியது. அட்டைப்பெட்டி சுமந்து வந்த ஜெயபாண்டி தன்னை அறியாமல் சொல்லிவிட்டான்.

"தலையத் தூக்குறீங்கய்யா."

பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஆறுச்சாமி திரும்பினார்.

"என்னடா சொன்னே? இன்னொருக்கா சொல்லு."

"பந்து போறதுக்கு முன்னால நீங்க பாக்குறீங்கய்யா. அதான் படல."

"ஓ! பொட்டி கட்டறவனுக்கு இதெல்லாம் தெரியுமா? எங்கே, அடிச்சுக் காட்டு பாக்கலாம்."

மட்டையை அவன் நெஞ்சில் எறிந்தார். எட்டு வருடமாக அவன் தொடாத பொருள். நதியா செக்கிங் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு வீச்சு. பந்து காம்பவுண்டுச் சுவரையும், அதற்கப்பால் இருந்த வேலங்காட்டையும் தாண்டிப் போயிற்று. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆறுச்சாமி மட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நாளன்னிக்கு காலைல ஆறு மணிக்கு வந்துரு. கட்டடத்துக்குப் பொறகால," என்றார்.

பாடம் ஆகஸ்ட் 11, புதன்கிழமை தொடங்கியது. முதல் சிக்கல், தொடுவது. அந்தக் கம்பெனியில் முதலாளியைத் தொட்டவர் யாரும் இல்லை. அவர்தான் மற்றவர்களைத் தொடுவார். வீச்சைத் திருத்தவோ கையைப் பிடிக்க வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், தலையை அசையாமல் நிறுத்த வேண்டும். ஜெயபாண்டி ஒவ்வொரு முறையும் "தொட்டுக்கறேங்கய்யா" என்று கேட்டுவிட்டே தொட்டான்.

"வலது கை சும்மா கூட வரணும்யா. இழுத்துட்டுப் போறது இடது கைதான். நீங்க மேல இருந்து கீழ போடுறீங்க. இது சுத்தி வரணும்."

"சும்மா வரதுக்கு எதுக்குடா கை?"

"மெஷினுக்குப் போற நூலப் பிடிப்பீங்கள்ல, அப்படிப் பிடிங்க. இறுக்குனா அந்துரும். விட்டா தொங்கிரும்."

அது அவருக்குப் புரிந்தது. ஒரு பந்து, ஒரே ஒரு பந்து, அன்று நேராகப் போயிற்று. மற்ற முப்பத்தொன்பதும் மண்ணைக் கிளப்பின.

புரியாத ஒன்று ஜெயபாண்டிக்கு இரண்டாம் வாரத்தில்தான் புரிந்தது. காலையில் திருத்தும்போது ஆறுச்சாமி அவனை ஒன்றும் செய்வதில்லை. பல்லைக் கடித்துக் கேட்டுக்கொள்வார். ஆனால் பத்து மணிக்கு உள்ளே வந்ததும் யாராவது ஒருவர் மேல் அது இறங்கும். ஓவர்லாக் டெய்லர் வீரன்தான் முதலில் வாய்விட்டுக் கேட்டான்.

"ஏப்பா, நீ காலைல அந்தாளத் திருத்தறே. பத்து மணிக்கு எங்க கன்னம் வீங்குது. நேத்து என்ன சொன்னே அவருகிட்ட?"

"முட்டிய மடக்குங்கன்னேன்."

"அதான் என்ற முட்டில ஒதச்சாரா!"

எல்லாரும் சிரித்தார்கள். வீரன் நொண்டிக்கொண்டே சிரித்தான்.

செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை வந்தது. பந்து பொறுக்கியே நேரம் போகிறது என்று, பின்கட்டில் திரை ஒன்று கட்டச் சொன்னார் ஆறுச்சாமி. வலை வாங்கினால் போதும். ஆனால் துணிக்காரன் காசு கொடுத்து வலை வாங்குவானா? டையிங்கில் நிறம் தப்பிய லைக்ரா துணி ஒரு ரோல் குடோனில் கிடந்தது. பிடித்து இழுத்தால் இரண்டு மடங்கு நீளும் துணி. வீரன் அதை இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவில் கட்டினான்.

"லூசா விடுங்கண்ணே. தொங்கட்டும்," என்றான் ஜெயபாண்டி.

ஆறுச்சாமி துணியைப் பார்த்தார். தொளதொளத்த துணியை அவர் கண் எப்போதும் தாங்காது. "என்னடா இது, சாக்குப்பையாட்ட! இழுத்துக் கட்டு. இன்னும் இழு!"

மத்தளத் தோல் மாதிரி ஆகும்வரை வீரன் இழுத்துக் கட்டினான். ஆறுச்சாமி எட்டடி தள்ளி நின்று, தன் பலம் முழுவதையும் போட்டு வீசினார். அந்தப் பாழாய்ப்போன வீச்சு அன்றைக்கென்று சரியாக விழுந்தது. பந்து துணிக்குள் புதைந்து, போன வேகத்திலேயே திரும்பி வந்து அவர் கீழ் உதட்டைப் பிளந்தது. ஒரு பல் மண்ணில் விழுந்தது.

அவர் பல்லைத் தேடவில்லை. வீரனைப் பார்த்தார்.

"நீங்கதானுங்க இழுக்கச் சொன்னீங்க..." என்று வீரன் சொல்லி முடிப்பதற்குள் முதல் அடி விழுந்தது. மட்டையின் தண்டு அவன் தோளில் பட்டது. இரண்டாவது முதுகில். மூன்றாவதைத் தடுக்க அவன் வலது கையை உயர்த்தினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒடிந்தன. அந்தச் சத்தம் ஜெயபாண்டிக்குக் கேட்டது. காய்ந்த விளார் ஒடிகிற சத்தம். அவன் நாலடி தூரத்தில் நின்றான். அவன் கையிலும் ஒரு மட்டை இருந்தது. முழங்கை தானாக மடங்கியது. மட்டையைக் கீழே போட்டான். போட்டுவிட்டு, ஓடிப்போய் வீரன் மேல் கவிழ்ந்துகொண்டான். மீதி நான்கு அடியும் அவன் முதுகில் விழுந்தன.

வீரனுக்கு மெஷினில் கை மாட்டியது என்று ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்னார்கள். இரண்டு மாதம் அவனால் தைக்க முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நூல் பிசிறு வெட்டும் பொன்னாத்தாள் ஜெயபாண்டியிடம் வந்தாள். அறுபது வயது. அவளும் இரண்டு முறை அடி வாங்கியவள்.

"சாமி, நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா சரியாச் சொல்லி ஆருக்கு ஆவுது? நல்லா இருக்குதுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு. அந்த மனுசன் பந்து எங்க போனா நமக்கென்ன?"

ஜெயபாண்டி நதியாவைப் பார்த்தான். அவள் டிபன் மூடியை மூடிக்கொண்டே, "பொய்தான? சொல்லு. கை நீட்டுறதுக்குப் பொய் தேவலாம்," என்றாள்.

செப்டம்பர் 6 முதல் அவன் பொய் சொன்னான். தலை தூக்கியது, "நல்லா இருக்குங்கய்யா." வலது கை கொத்தியது, "வேகம் வந்துருச்சுங்கய்யா." திரையை எடுத்துவிட்டு வேலங்காட்டுப் பக்கம் அடித்தார்கள். பந்துகள் கோணல்மாணலாகப் புதருக்குள் போயின. "காத்து இழுத்துருச்சுங்கய்யா," என்றான். காற்றே இல்லாத நாளிலும் சொன்னான். ஆறுச்சாமி பிளந்த உதட்டோடு சிரித்தார். நாற்பத்தோரு நாள் அந்தக் கம்பெனியில் ஒருவர் மேலும் கை விழவில்லை. திறந்த நாளிலிருந்து அப்படி ஒரு ஆறு வாரம் அங்கே இருந்ததில்லை. பழனிமுத்து அயர்ன் மேசையில் பாட்டுப்பாட ஆரம்பித்தார்.

ஆனால் அக்டோபர் 17 தானாக வந்துகொண்டிருந்தது. அன்று பை தூக்கத் தன்னைத்தான் கூட்டிப்போகப் போகிறார் என்பது ஜெயபாண்டிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால். லேசான தூறல் நின்றிருந்தது. ஜெர்மனிக்காரர், மாரப்பன், இன்னும் ஐந்து முதலாளிகள், அவர்களுடைய டிரைவர்கள். மாரப்பன் முதலில் அடித்தார். பந்து நேராக நூற்றைம்பது கெஜம் போய் நின்றது.

ஆறுச்சாமி காலை அகட்டி நின்றார். முதல் வீச்சு காற்றில் போயிற்று. இரண்டாவது, பந்துக்கு ஓரடி முன்னால் மண்ணைக் கொத்தி, முறம் அளவு புல்லைப் பெயர்த்தது. மூன்றாவதும் மண்.

மாரப்பன் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்திய கைக்குள்ளிருந்தே சொன்னார். "ஏனுங் அண்ணா, தண்ணி எத்தன அடிலீங்க?"

டிரைவர்கள்கூடச் சிரித்தார்கள். ஜெர்மனிக்காரருக்கு ஒருவர் மொழிபெயர்த்தார். அவரும் சிரித்தார்.

ஆறுச்சாமி மாரப்பன் பக்கம் போகவில்லை. நேராக ஜெயபாண்டியிடம் வந்தார்.

"நல்லா இருக்குதுன்னியேடா!"

மட்டை அவன் இடது தோளில் இறங்கியது. அடுத்தது விலாவில்.

"வேகம் வந்துருச்சுன்னியேடா! காத்து இழுக்குதுன்னியேடா!"

மூன்றாவது அடி இறங்கும்போது ஜெயபாண்டி தண்டைப் பிடித்துப் பறித்துவிட்டான். இப்போது மட்டை அவன் கையில். எதிரே இரண்டடியில், தலை குனிந்து, மூச்சு வாங்கியபடி ஆறுச்சாமி. அவருடைய இடது காறை எலும்பு எங்கே இருக்கிறது என்று சட்டைக்கு மேலேயே அவனுக்குத் தெரிந்தது. தோள் தானாகத் திரும்பியது. இடுப்பும் திரும்பியது. எட்டு வருடத்தில் ஒன்றும் மறந்துபோகவில்லை.

அவன் மட்டையை வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். "பயந்துக்கிட்டுத்தான்யா சொன்னேன். நெசத்தச் சொன்னா நீங்க ஆள அடிக்கிறீங்க. வீரன் விரல் இன்னும் மடங்கலய்யா," என்றான்.

ஆறுச்சாமி கையால் அடிக்கத் தொடங்கினார். முகத்தில் ஆறு, காதில் இரண்டு, வயிற்றில் எத்தனை என்று அவனுக்குத் தெரியவில்லை. மட்டையை விட்டால் கை என்ன செய்யும் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் விடவில்லை. கீழே விழுந்தும் விடவில்லை. விழுந்த பிறகு மூன்று உதை. ஒருவரும் குறுக்கே வரவில்லை. ஜெர்மனிக்காரர் காரைப் பார்த்து நடந்துவிட்டார். கடைசியில் ஆறுச்சாமிக்கே மூச்சு முட்டி, தான் பெயர்த்த குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாரப்பனின் டிரைவர்தான் ஜெயபாண்டியைத் தூக்கி ஆஸ்பத்திரியில் விட்டார். விலா எலும்பு இரண்டு, மூக்கு, இடது செவிப்பறை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் நதியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளை வெளிச்சத்தில் பிடித்து, விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"நெசமாவே நீட்டலயா?"

"இல்ல."

அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அபிராமி பக்கத்தில் வந்து நின்று அழுததும், "அழாதடி, வெந்நி போடு," என்றாள்.

மறுநாள், அக்டோபர் 18, காலை எட்டரை மணிக்கு ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தபோது நதியா உள்ளே வந்தாள். செருப்பை வெளியே கழற்றாமல் வந்தாள். துணி அழுக்காகும் என்று அந்தக் கூடத்துக்குள் முதலாளியே செருப்போடு வருவதில்லை. முதல் வரிசைக்காரர்கள் அவள் காலைத்தான் பார்த்தார்கள். ஆறுச்சாமி கட்டிங் மேசை அருகே முதுகு காட்டி நின்றிருந்தார்.

"மொதலாளி," என்றாள்.

அவர் திரும்பினார். அவள் குனிந்து செருப்பைக் கழற்றி அவர் வலது கன்னத்தில் அடித்தாள். பிறகு இடது. பிறகு, முந்தைய பிளவு ஆறிக்கொண்டிருந்த உதட்டின் மேல். மூன்று அடி.

ஆறுச்சாமியின் கை உயர்ந்தது. அப்போது முதல் வரிசையில் ஒரு மெஷின் நின்றது. பிறகு பக்கத்து மெஷின். முப்பத்தாறும் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது அன்றுதான். யாரும் எழுந்திருக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் மட்டும் பெரிய கத்திரிக்கோலை மேசையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆறுச்சாமி சுற்றிலும் பார்த்தார். உயர்ந்த கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மேலேயே நின்று, பிறகு இறங்கியது.

அவர் போலீசுக்குப் போகவில்லை. போனால், செக்கிங் மேசைப் பெண் செருப்பால் அடித்தாள் என்று ஸ்டேஷனில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மாரப்பன் அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கேட்டுக்கு வெளியே, விலாவில் கட்டுப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெயபாண்டி நின்றிருந்தான். பக்கத்தில் அபிராமி துணிப்பையோடு நின்றாள். உள்ளே மெஷின்கள் நின்றது அவனுக்கு ஒரு காதில்தான் கேட்டது.

"என்னடி பண்ணிட்டு வர்ற? என்னைய மட்டும் கை நீட்டக் கூடாதுன்ன?"

நதியா செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டாள்.

"உம்மேலதான ஏற்கனவே கேசு இருக்கு," என்றாள். "எம்மேல ஒண்ணும் இல்லயே. வா, தறி வேலைக்குப் போலாம். சோமனூர் பஸ்சு ஒம்போதுக்கு."