நுனி இடப்பக்கம்

வெள்ளிக்கிழமை மதியம். பிரெஞ்சுத் தலைநகரில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லா ஷப்பலில் ஒரு யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக்கடை. வேறு இடமில்லாமல் என் எதிரே வந்து உட்கார்கிறார் குவாதலூப் என்ற தொலைதூரப் பிரெஞ்சுத் தீவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவருடைய பிரெஞ்சைக் கடை முதலாளி எனக்குத் தமிழில் சொல்கிறார்.

“நூற்றைம்பது வருசத்துக்கு முதல் இவவின்ரை ஆக்கள் காரைக்காலிலை கப்பல் ஏறினவையாம். கரும்புத் தோட்ட வேலைக்கு. எந்த ஊர் எண்டு தெரியாதாம். தேடித் திரியிறா, அண்ணை.”

நான் தஞ்சாவூர்க்காரன் என்றதும் பெண்மணி ஆவலாகப் பார்க்கிறார். எத்தனையோ ஊர்க்காரர்கள் ஏறிய துறைமுகம் காரைக்கால். கையை விரிக்கிறேன். அவர் முகம் வாடிவிடுகிறது.

பரிமாறுகிறவர் அவசரத்தில் இலைகளைப் போட்டுவிட்டு ஓடுகிறார். பெண்மணி தன் இலையை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு, நுனி இடப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைக்கிறார்.

முதலாளி தண்ணீர்ச் செம்போடு அப்படியே நிற்கிறார். யார் சொல்லித் தந்தது என்று கேட்கிறார்.

“வீட்டிலை எல்லாரும் இப்பிடித்தான் போடுறவையாம். ஏன் எண்டு தெரியாதாம்.”

என் இலையைப் பார்க்கிறேன். நுனி வலப்பக்கம் கிடக்கிறது. சத்தமில்லாமல் திருப்பிக்கொள்கிறேன்.

இதுவரை ‘மதாம்’ என்றே அவரை அழைத்துவந்த முதலாளி, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்.

“தம்பி, அக்காவுக்குக் கெதியாச் சோறு கொண்டா!”