வயிற்றெரிச்சலுக்கு இரண்டு வேளை

போன மாதம் சித்தியின் புது டாக்டர் கணினித் திரையைப் பார்த்தபடி, "இது மாஸ்ட் செல் சம்பந்தப்பட்டது" என்று சொன்னபோது என் காதில் "மஸ்த் சேல்" என்றுதான் விழுந்தது. எங்கள் மைசூரில் மஸ்த் என்றால் பிரமாதம். சேல் என்றால் தள்ளுபடி. எத்தனை சதவீதம் என்று கேட்க வாயெடுத்தேன். சித்தி தொடையில் கிள்ளினாள்.

டாக்டர் பொறுமைசாலி. நம் உடம்பில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் செல்கள் சில உண்டு என்றார். சித்தியின் உடம்பில் அவை எண்ணிக்கையிலும் அதிகம், சந்தேகத்திலும் அதிகம். வெந்நீர் பட்டால் திருடன், காரம் தின்றால் திருடன், வளையல் உரசினால் திருடன் என்று விசில் ஊதிவிடும். உடனே தோல் சிவக்கும், அரிக்கும், வயிற்றில் அமிலம் பொங்கும். ஒரு மாத்திரை தோலில் கேட்கும் விசிலைப் பிடுங்கிவைக்கிறது, இன்னொன்று வயிற்றில் கேட்பதை. வாட்ச்மேனை வேலையைவிட்டு அனுப்ப இரண்டாலும் முடியாது. அதனால் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

எதைப் பார்த்தாலும் திருடன் என்று விசில் ஊதுகிற ஆசாமி என்றதும், எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எட்டு வயதுப் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

"முப்பத்தஞ்சு வருஷமா இவ்வளவு ஒழுங்கா எப்படிம்மா போட்டுட்டு வர்றீங்க?" என்று டாக்டர் வியந்தார்.

சித்தி என்னைக் காட்டினாள். "இவனக் கேளுங். இவன்தான் போட வெச்சான்."

டாக்டர் என்னைப் பாசத்தோடு பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது நாங்கள் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு இருந்தோம். இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று யாராவது வீட்டு நடைக்குள் ஏறித்தான் வழிவிட வேண்டும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சித்தப்பா ஃபேக்டரிக்குப் போய்வந்தார். அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்தி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்' போட்டுப் பேசுவாள். குழந்தைகளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். அந்த 'கண்ணு'தான் முதலில் என்னை உறுத்தியது. ஏனென்றால் எங்கள் வீட்டில் கண்ணு என்றால் திருஷ்டி. புதிதாகப் பிறந்திருந்த என் தங்கைக்கு யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று அம்மா கன்னத்தில் மை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சித்தியோ ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவளைத் தூக்கிக்கொண்டு "கண்ணு, கண்ணு" என்றாள்.

தங்கை பிறந்ததிலிருந்து என் படுக்கை அம்மா பக்கத்திலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது. ஹார்லிக்ஸ் சின்ன டம்ளருக்கு இறங்கிவிட்டது. அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது சித்தியைப் பற்றி.

சித்தியின் கைகளில் பாக்குத்தூள் தெளித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. தங்கை அதில் ஒன்றைத் தன் குட்டிக் கையால் தேய்த்தால், அந்த இடம் கொசுக்கடிபோல உப்பும். சில சமயம் முகம் திடீரென்று செக்கச்செவேலென்று ஆகும். மத்தியானமெல்லாம் தூங்கி வழிவாள். இதையெல்லாம் நான் மனதுக்குள் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளுடைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பவுடர் இல்லை. இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன.

அன்றைக்கே துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பதுங்கினேன். சித்தப்பா சித்தியிடம் அடங்கிய குரலில் கேட்டார்:

"வயித்தெரிச்சலுக்குப் போட்டியா?"

"காலைல போட்டாச்சுங். பொழுது சாஞ்சு ஒண்ணு போடோணும். அரிப்புக்குத்தான் படுக்கறப்ப. அதப் போட்டா விடிஞ்சும் தூக்கம் தெளிய மாட்டீங்குது."

"அண்ணிகிட்ட சொல்லிடலாமே?"

"ஐயோ, அக்காளுக்குத் தெரியவே வேண்டாங்! வந்து ஒரு வருசத்துல மாத்திரக்காரின்னு பேராயிரும். அப்புறம் புள்ளையக் கையில குடுப்பாங்களா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டில் டிவி வாங்கியபோது, அதைப் பார்த்து எதிர் வீட்டு மாமிக்கு வந்ததே, அது. அம்மாவே சொல்லியிருக்கிறாள். ஆக, சித்திக்கு அம்மாவைப் பார்த்து வயிற்றெரிச்சல். அம்மாவுக்குக் குழந்தை இருக்கிறது, இவளுக்கு இல்லை. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். சித்தப்பாவும் கூட்டு. எனக்கு ஒரே ஒரு ஆச்சரியம்தான்: வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கண்டுபிடித்துவிட்டார்களா? அப்படியானால் எதிர் வீட்டு மாமிக்கு யாரும் ஏன் சொல்லவில்லை?

இருந்தாலும் நான் நியாயஸ்தன். இன்னொரு சாட்சி வேண்டும் என்று காத்திருந்தேன். அதுவும் தானாகவே வந்தது. காலி அட்டையைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா, யார்கிட்டயும் சொல்லாத" என்று சித்தப்பா என்னையே மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பினார். கடைக்காரர் குண்டு மனிதர், சிரித்த முகம். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்:

"யாரிகப்பா ஹொட்டெ உரி?"

ஹொட்டெ என்றால் வயிறு, உரி என்றால் எரிச்சல். கன்னடத்திலும் அதற்கு அதே அர்த்தம்தான், பொறாமை. ஒரு மொழியில் சொன்னால் சந்தேகம். இரண்டு மொழியில் சொன்னால் தீர்ப்பு.

"நம் சித்திகெ" என்றேன் இறுகிய முகத்துடன்.

"ஒள்ளெ சித்தி!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல சித்திதான். அவருக்கும் தெரிந்திருக்கிறது!

பிறகு நான் சோதனைகளில் இறங்கினேன். சித்தி சுடச்சுடக் காபி குடிக்கும்போது எதிரே போய் உட்கார்ந்து, "அம்மாவுக்கு அப்பா பட்டுப்புடவை எடுக்கப்போறார்" என்று ஒரு பொய் சொன்னேன். நாலு வாய் காபிக்குள் சித்தியின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. வேறென்ன நிரூபணம் வேண்டும்? வித்தியாசம் பார்ப்பதற்காக இதே பொய்யை அம்மாவிடமும் சொன்னேன். அம்மா முகமும் சிவந்தது. ஆனால் அது வேறு சிவப்பு. அன்று சாயங்காலம் அப்பா ஏன் அத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. மூன்றாவது சோதனையில் நான் எதுவுமே சொல்லவில்லை. சித்தி வெந்நீரில் குளித்துவிட்டு வெளியே வந்தாள். அப்போதும் சிவப்பு! குளிக்கும்போது தானாகவே நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். எந்தச் சோதனையும் என்னை ஏமாற்றவில்லை. சந்தேகத்துக்கு அப்படி ஒரு கைராசி.

தங்கைக்குக் காது குத்தும் நாள் வந்தது. பெங்களூரிலிருந்து மாமா தோடு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள். இத்தனை பேர் முன்னால் சித்தியின் உண்மையான முகம் வெளிப்பட வேண்டும் என்று திட்டம் போட்டேன். காலையில் முதல் வேலையாக, அவள் வாயில் பல்பொடி இருக்கும்போதே, பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் ஸ்கூட்டர் டிக்கிக்குள் போட்டு மூடினேன். மாத்திரை இல்லாமல் எரியட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.

சித்தி டப்பாவைத் தேடினாள். அலமாரி, தலையணை அடி, அரிசிப் பானை. யாரையும் கேட்க முடியாமல் தேடினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல நடித்துக்கொண்டு பார்த்தேன். சித்தப்பா வாழையிலை வாங்கப் போயிருந்தார். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். சித்தி அடுப்படிக்குள் போனாள். இருபது பேருக்குச் சமையல், இரண்டு ஸ்டவ், மிளகாய் வறுக்கும் நெடி, அவசரம். நடுநடுவே முழங்கையைச் சொறிந்துகொண்டாள். ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"ஏன்டீ, மொகம் இப்படி செவந்திருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"அடுப்புச் சூடுங்கக்கா."

பொய், என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஆசாரி வரத் தாமதமானது. அவரை அழைத்துவர மாமா கிளம்பினார். எதில்? அப்பாவின் ஸ்கூட்டரில். அது சந்து திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவும் அதோடு போய்விட்டது. சரியாக அப்போது உள்ளே பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

சித்தி அடுப்படித் தரையில் கிடந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் சிவந்து தடித்திருந்தன. வாந்தி எடுத்திருந்தாள். அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சித்தி கண் திறக்கவில்லை.

அந்தக் கணத்தில் துப்பறியும் புலி செத்தது. மிச்சம் இருந்தது ஒரு பூனைக்குட்டி, அதுவும் டிராயரை நனைத்துக்கொண்ட பூனைக்குட்டி. வயிற்றெரிச்சல் முற்றினால் வயிறு வெடித்துச் செத்துப்போவார்கள் என்று அம்மா எதிர் வீட்டு மாமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். மாத்திரை என்ற மூடியை நான் எடுத்துவிட்டேன், சித்தி வெடிக்கப்போகிறாள். செருப்பில்லாமல் ஓடினேன். ஒரு தயிர்க்காரியின் கூடையில் மோதினேன். அவள் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது, எழுத முடியாது. மெடிக்கல் ஷாப் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அலறினேன்:

"ஹொட்டெ உரி மாத்ரெ கொடி! நம் சித்தி ஹொட்டெ ஒடெது ஹோகுத்தெ!"

வயிறு வெடிக்கப்போகிறது என்றதும் கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரிக்கத்தான் தொடங்கினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது, விழுந்துவிட்டாள், பேசவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, அந்தச் சிரித்த முகம் மாறியது.

"மாத்ரெ அல்ல கணோ, ஆஸ்பத்ரி!" என்று கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். நடுத்தெருவில் நின்று, வந்த ஆட்டோவைக் கையை விரித்து மறித்தார். உள்ளே இருந்த சவாரியை இறக்கினார், என்னை ஏற்றினார். வழிகாட்டி நானேதான். ஆட்டோ சந்து முனையில் வந்து நின்றபோது, வேறு வண்டி தேடி யாரும் இன்னும் வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அப்போதுதான் திரும்பிவந்த சித்தப்பா வாழையிலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சித்தியைத் தூக்கிவந்து ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் கஷ்டம் என்றார்களாம். ஆகவே நான் வீரனாகிவிட்டேன். அப்பா என் முதுகைத் தட்டினார். மாமா எனக்கென்று தனியாக இரண்டு லட்டு கொடுத்தார். என் வாழ்க்கையில் லட்டு தொண்டையில் அடைத்தது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் இரண்டையும் தின்றேன்.

சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்தாள். மாத்திரை விஷயம் வெளியாகியிருந்தது. அம்மா திட்டித் தீர்த்தாள். மாத்திரை போட்டதற்கு அல்ல, மறைத்ததற்கு. "லூசு, சொல்லியிருந்தா காரத்தக் கொறச்சிருக்க மாட்டேனா? அடுப்புகிட்டயே விட்டிருக்க மாட்டேனே! அன்னியம்னு நெனச்சிட்டே இல்ல?" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அப்புறம் மிளகாயும் உப்பும் எடுத்து, யாரோ கண்ணு போட்டுவிட்டார்கள் என்று சித்தியைச் சுற்றிப்போட்டாள். எனக்குத் தலை சுற்றியது. கண்ணு போடுகிறவளுக்கே யார் கண்ணு போட முடியும்?

"இன்னிக்கு ஏன் போடல?" என்று அப்பா கேட்டார்.

"நாந்தான் எங்கியோ வெச்சுட்டு மறந்துட்டனுங்" என்றாள் சித்தி. சொல்லும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தாள். குற்றவாளிதான் இப்படி மழுப்புவாள் என்று எனக்கு உடனே பட்டது.

அதனால் மறுநாளிலிருந்து காவலை இறுக்கினேன். தங்கையை அவள் தூக்குவதற்கு முன்னால் போய் நிற்பேன். "மாத்திரை போட்டாச்சா?" அவள் நாக்கை நீட்டிக் காட்டுவாள். சாயங்காலம் பள்ளிக்கூடப் பையைக் கழற்றுமுன் அதே கேள்வி, படுக்குமுன் அதே கேள்வி. "சித்தி மேல என்ன உசிரு பாருங்க இந்தப் பையனுக்கு!" என்று வந்தவர்கள் போனவர்களெல்லாம் மெச்சினார்கள். நான் மறுக்கவில்லை. ரகசியக் காவலர்கள் தங்களை வெளிக்காட்டிக்கொள்வதில்லை. காலேஜ் போகும்வரை கேட்டேன். அப்புறம் ஃபோனில்.

அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம், காது குத்தி முடித்த ஆசாரியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மாமா ஸ்கூட்டரை நிறுத்தி உள்ளே போனதும், டப்பாவை எடுத்து வந்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தேன். திரும்பினால் சித்தி நிற்கிறாள்.

"எங்க இருந்துச்சு கண்ணு?"

"டிக்கில."

கத்துவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கத்தவில்லை. கூடத்தில் அம்மா மடியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளைச் சுற்றி நின்று புதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி அங்கே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அவள் கையில் நான் சாய்ந்த இடத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. கையை எடுக்கவில்லை.

"வயித்தெரிச்சல் எல்லார்த்துக்கும்தான் வரும் கண்ணு" என்றாள் என் காதில். "எனக்கு மாத்திர இருக்குது. உனக்குத்தான் இல்ல."

எனக்கு எதற்கு மாத்திரை? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது, உடனே இந்த மடியைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மடி வசதியாக இருந்தது. கொஞ்சம் கழித்து இறங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.