அவள் வாசித்த வெள்ளிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம், ஓசூரில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் முன்னால் நடந்தது இது.

என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். வலது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டிருந்தது. இடது கண்ணையாவது காப்பாற்ற, உள்ளே தேங்கும் நீர் வடிய வழி செய்யும் அறுவை சிகிச்சை செய்தார்கள். பக்கத்துப் படுக்கையில், தளி என்ற ஊரில் ரோஜா பயிரிடும் ஒரு பெண். அவருக்கும் இதே நோய்தான்; ஆனால் கண்புரையை எடுக்கும்போதே சின்னக் குழாய் ஒன்றை வைத்துவிட்டார்கள். நான்காம் நாளே போன் செய்தார்.

"ரோஜாவுல முள்ளுகூட சென்னாகி, நல்லாவே தெரியுது அக்கா. உங்களுக்கு?"

"எனக்கும்தான்" என்றாள் மனைவி.

தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. எதையும் அளந்து, தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்கு நாள் ஓடாது. தினமும் காலை ஏழு மணிக்குத் தாளைக் கிழித்ததும், அவளை நான்கடி தள்ளி நிறுத்தி, வலது கண்ணை மூடச் சொல்லி, ராசிபலனை வாசிக்கச் சொல்வேன். பன்னிரண்டில் எத்தனை சரி என்று நோட்டில் குறிப்பேன். முதல் வாரம் மூன்று, நான்கு. இரண்டாம் வாரம் பத்து, பதினொன்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவசரத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்துவிட்டேன். சுவரில் சனிக்கிழமை. அவளோ, "மேஷம் ஆதாயம், ரிஷபம் பயணம், மிதுனம் சுகம்" என்று தடங்கலில்லாமல் போனாள். சுவரில் மேஷத்துக்கு அலைச்சல் என்றிருந்தது. என் கையிலிருந்த வெள்ளிக்கிழமைத் தாளைப் பார்த்தேன். ஆதாயம், பயணம், சுகம்.

முந்தின நாள் மாலையே எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, மேல்தாளைத் தூக்கி வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்திருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ண?"

"கம்மியா எழுதறப்ப பெருமூச்சு விடறீங்க. அந்த ரோஜாத் தோட்டக்காரங்களுக்கு நாலு நாள்ல தெரிஞ்சுது. எனக்கு பனி மூடினாப்பல இருக்குது, நாளுக்கு நாள் கூடுது. சொன்னா ஒடஞ்சு போயிருவீங்க."

மங்கல் கூடினால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

அன்றே ஓடினோம். நீர் தேவைக்கு மேல் வடிந்து, கண் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பார்வை போயிருக்கலாம் என்றார் டாக்டர். அதைச் சரிசெய்துவிட்டு, அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கண்ணு தேறுற விதம் வேறம்மா. அவங்களுக்குப் புரை போனதால தெளிஞ்சுது. உங்களுக்குச் சில வாரம் ஆகும். போன பார்வை திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் இது."

கார்த்திகை முடிவதற்குள் பனி விலகியது. ரோஜா முள் தெரியும் அளவுக்கு இல்லை. என் முகம் தெரியும் அளவுக்கு.

நோட்டு இன்னும் இருக்கிறது. இப்போது எண்களை விட்டுவிட்டு, அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன். மோசமான பதிலையும் பயமில்லாமல் சொல்லும்படி ஒருவரைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை, அதற்குள் மடித்து வைத்திருக்கும் அந்த வெள்ளிக்கிழமைத் தாள் எனக்கு இன்றும் நினைவூட்டுகிறது.